காப்புக்கூடு

'காப்பு' என்னும் சொல் நம் தமிழின்கண் பல பொருள் பயந்து நிற்பது. நூலாசிரியர் தாம் எடுத்துக்கொண்ட நூல் இடையூறின்றி முற்றுப்பெறல் வேண்டி முதற்கண் அமைக்கும் செய்யுளும் காப்பு. மகவின் கையில் அணியும் வளையும் காப்பு. விழாத் தொடங்குமுன் மணிக்கட்டிற் கட்டும் நூலும் காப்பு. இவையனைத்திற்கும் பொதுவாயதோர் இயல்புண்டு. தீங்கு நேராத நாளெல்லாம் காப்பானது வேலையற்றது போலவே தோன்றும். தீங்கு நேரும் நாளிலோ அதனைப் புதிதாய்ச் செய்துகொள்ளல் இயலாது. முன்னர்ச் செய்துவைத்தது எத்தன்மைத்தோ அதற்கேற்பவே பயன் விளையும். இவ்வுண்மையை யாம் ஏட்டிற் கற்றதினும் இரும்பிற் கற்றதே மிகுதி. அதனை நம் கல்லூரி நேயர்கட்குக் கூறப் புகுகின்றோம்.

சென்ற கோடை விடுமுறையில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்னியா மாநிலத்தில் வாழும் எம் அம்மான் இல்லத்தில் ஆறு கிழமை தங்கும் பேறு எமக்கு வாய்த்தது. அம்மான் தொழிலாற் கணக்கர், விருப்பத்தாற் கருமான். இல்லத்தின் பின்புறத்துக் கொட்டகையிற் பழையதொரு 'செவர்லே சி10' பிக்கப் வண்டியை அவர் வைத்துப் போற்றி வருகின்றார். முன்னே ஓட்டுநர் அமரும் சிற்றறையும் பின்னே சுமையேற்றும் திறந்த தொட்டியும் உடைய இவ்வண்டி, 1967 முதல் 1972 வரை அந்நிறுவனத்தார் ஏறக்குறைய ஒரே வடிவிற் செய்து விற்றவற்றுள் ஒன்று. 1969-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒருகால் உழவர்க்கும் தச்சர்க்கும் உழைத்த இத்தகைய வண்டிகளை இப்பொழுது அந்நாட்டார் தேடி வாங்கி, அடிச்சட்டம் முதலாகப் பிரித்து, தத்தம் கருத்துக்கு இயையப் புதுக்குகின்றனர். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இரும்புக் கொட்டகையில் என்ன வேலை என நண்பர் சிலர் எம்மை நகையாடினர். குழாய் பிடிக்கவும் ஆணி எடுத்துக் கொடுக்கவும் இலக்கணம் தடையன்று என்பதே அவர்க்கு யாம் அளித்த விடை.

அவ்வண்டியை அம்மான் புதுக்கியது ஊர் சுற்றுதற்கன்று. கலிபோர்னியாவின் தெற்கே, மெக்சிகோ நாட்டிற்குரிய பாகா என்னும் நீண்ட தீவக்குறை ஒன்றுளது. மணலும் கல்லும் முள்ளும் நிறைந்தது. 1967-ஆம் ஆண்டில் அதன் வடகோடியிலுள்ள டிஹுவானாவினின்றும் தென்பாலுள்ள லா பாஸ் வரை 'மெக்சிகன் 1000' என்னும் பந்தயம் முதன்முதல் நடைபெற்றது. 1963-இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் வென்ற பார்னெலி ஜோன்ஸ் என்பவர், பில் ஸ்ட்ராப் என்பவரோடு கூடி, குழாய்ச் சட்டத்தின்மேல் அமைத்த 'போர்டு பிராங்கோ' வண்டியில் 1971, 1972 ஆகிய ஈராண்டும் அப்பாலை வழியை வென்றார். இடையே நின்றுபோன 'மெக்சிகன் 1000' என்னும் பெயர், 2010-ஆம் ஆண்டிற் பழைய வண்டிகளைச் சிறப்பாக முன்னிட்டு மீண்டும் உயிர்பெற்றது. அதில் அம்மான் மகனார், எம்மினும் இரண்டாண்டு மூத்த எம் மைத்துனர், அவ்வண்டியைச் செலுத்துவதென உறுதியாயிற்று. நுழைவுக் கட்டணமும் செலுத்தப்பட்டது.

அதுகேட்ட அத்தையார் முதற்கண் வினவியது ஒன்றே: "வண்டி கவிழ்ந்தால் என்னாகும்?"

வினாப் பொருளுடையதே. மெல்லிய தகட்டாலாய அக்கூரை வெயிலுக்கும் மழைக்கும் ஆவதேயன்றி, வண்டி தலைகீழாகும்பொழுது அதன் எடையைத் தாங்குதற்கு ஆவதன்று. கூரையின் வலிமை பற்றிய அமெரிக்க அரசின் விதி பயணிகள் கார்களுக்கு 1973-ஆம் ஆண்டிலேதான் நடைமுறைக்கு வந்தது. வண்டியின் எடையில் ஒன்றரை மடங்கு வரையிலான விசைக்குக் கூரை ஐந்தங்குலத்தின் மேல் நசுங்கலாகாது என்பது அதன் சாரம். பிக்கப் முதலிய இலகு சுமைவண்டிகளை அவ்விதி 1994-இலேதான் தழுவிற்று. ஒன்றரை மடங்கை மும்மடங்காக்கிய திருத்தம் 2009-இல் தோன்றியது. ஆகவே 1969-இல் பிறந்த வண்டிக்கு அதன் கூரை ஒரு நிழலேயன்றி அரணன்று. அரண் வேண்டுவோர் உள்ளே தாமே அமைத்துக்கொள்ளல் வேண்டும். அவ்வாறமைக்கும் எஃகுக் குழாய்க் கட்டினையே 'ரோல் கேஜ்' என்பர். யாம் அதனைக் காப்புக்கூடு என வழங்குவோம்.

கூட்டின் உறுப்புக்கள் மிகப் பலவல்ல. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே ஒரு தோளினின்றும் மறு தோள்வரை கவிந்து நிற்கும் பெரிய வளைவே தலையாய உறுப்பு. அதனின்றும் இரு குழாய்கள் கூரையின் ஓரமாக முன்சென்று, கண்ணாடிச் சட்டத்தை ஒட்டி இறங்கிக் காலூன்றும். கண்ணாடியின் மேலே ஒரு குறுக்குக் குழாய்; கதவுகளின் உட்புறம் பக்கத்திற்கிரண்டு; பின்னே, அறையின் பின்சுவரைத் துளைத்துத் தொட்டியின் கீழுள்ள சட்டத்தைப் பற்றும் சாய்கால்கள் இரண்டு. இவற்றோடு பெரிய வளைவின் குறுக்கே மூலைக்கு மூலை ஓடும் ஒரு சாய்குழாய். இச்சாய்குழாய் எற்றுக்கெனின், நான்கு கழிகளை மூலையிற் கட்டிச் சதுரமாக்கிப் பக்கத்தினின்றும் தள்ளின் அது சாய்ந்து மடியும். குறுக்கே ஒரு கழி கட்டின் இரண்டு முக்கோணங்களாகி அசையாது நிற்கும். முக்கோணம் தன் பக்கங்களுள் ஒன்று முறிந்தாலன்றி வடிவு திரியாது. கூட்டின் வலியெல்லாம் இவ்வொரு நுட்பத்தினின்றே பிறப்பது.

இனிக் குழாயின் தன்மை சிறிது கூறுவாம். நீர் செல்லும் குழாய் இதற்கு ஆகாது. அது கசியாதிருத்தற்கென்று செய்யப்பட்டது, மோதலைத் தாங்குதற்கன்று. அம்மான் வாங்கியது 'டி.ஓ.எம்.' என வழங்கும் எஃகுக் குழாய். தட்டையான தகட்டைச் சுருட்டி நெடுகப் பற்றவைத்துக் குழாயாக்கி, பின்னர் உள்ளே ஒரு தண்டும் புறத்தே ஓர் அச்சும் அமைத்துக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்தெடுப்பராதலின், அதன் சுவர் எப்பாலும் ஒரே கனமாகவும் உறுதியாகவும் அமையும். புறவிட்டம் 1¾ அங்குலம். சுவரின் கனம் 0.120 அங்குலம், ஓரடியின் எடை இரண்டு பவுண்டுக்குச் சற்று மிகும். உள்ளே வெறுமையாய் இருப்பது வலியன்றோ குன்றும் என யாமும் முதலில் ஐயுற்றோம். அம்மான் ஒரு தாளிற் கணக்கிட்டுக் காட்டினார். அதே எடையுள்ள எஃகைத் திரண்ட கம்பியாக்கின் அதன் விட்டம் ஓரங்குலத்தினும் குறையும். வளைவை எதிர்க்கும் விறைப்போ குழாயினதில் ஏறக்குறைய ஏழிலொரு பங்கே ஆகும். எஃகு நடுவினின்றும் எத்துணை விலகி நிற்கின்றதோ அத்துணை விறைப்புடைத்து. நம் ஊர் மூங்கில் இதனை என்றோ அறிந்திருக்கின்றது.

அக்குழாயை வளைப்பதும் ஒரு கலை. விரைந்து வளைப்பின் உட்புறம் மடிப்பு விழும், புறம் தட்டையாகும். மடிப்பு விழுந்த இடமே முறியும் இடமாம். ஆகலின் குழாயின் விட்டத்திற்கு ஏற்ற அச்சில் அதனைப் பொருத்தி, மெல்ல இழுத்து வளைப்பர். வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப்போல் மும்மடங்கேனும் இருத்தல் நன்று. இரும்புக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. விட்டவுடன் சிறிது நிமிரும். தொண்ணூறு பாகை வேண்டுவோர் அந்நிமிர்ச்சியை முன்னறிந்து சில பாகை மிகுத்து வளைத்தல் வேண்டும்.

அடுத்தது அடிநிலை. மேலே எத்துணை வலிய கூடு அமைப்பினும் அதன் கால் நிற்குமிடம் மெல்லிய தரைத் தகடாயின், கவிழும்பொழுது கூடு தகட்டைக் குத்திக்கொண்டு கீழிறங்கும். சி10 வண்டிக்குத் தனியே அடிச்சட்டம் உண்டு. ஓட்டுநர் அறை அதன்மேல் ரப்பர்த் தாங்கிகளில் அமர்ந்து சிறிது அசைந்துகொண்டேயிருப்பது. எனவே கூட்டின் கால்களை அறையின் தரையிற் பெருந்துளையிட்டு இறக்கி, சட்டத்தினின்றும் நீட்டிய எஃகுத் தாங்கிகளிற் பற்றவைத்தனர். மற்றொன்றும் செய்யவேண்டியிருந்தது. அவ்வாண்டுகளிற் செய்த இவ்வண்டியின் எரிநெய்த் தொட்டி, ஓட்டுநர் அறையினுள்ளே, இருக்கையின் முதுகுக்குப் பின்னே அமைந்திருந்தது. கவிழும் வண்டியில் மனிதன் முதுகோடு எரிநெய் இருத்தல் எத்துணைக் கேடு! அதனை அகற்றி, உள்ளே நெகிழ்பையும் நுரையும் கொண்ட பந்தயத் தொட்டி ஒன்றைப் பின்புறம் வைத்தனர்.

இவற்றையெல்லாம் அம்மானும் மைத்துனரும் யாமும் செய்து முடித்த பின்னரே, பற்றவைத்தலில் வல்ல முதியவர் ஒருவர் வந்து சேர்ந்தார். மெக்சிகோவிற் பிறந்தவர், நாற்பதாண்டாகப் பாலைப் பந்தய வண்டிகட்குக் கூடு கட்டிவருபவர். அவர் வருமுன் விரைவு மிகுதியால் மைத்துனர் கால்கள் அனைத்தையும் தாங்கிகளோடு முற்றப் பற்றவைத்திருந்தார். முதியவர் கூட்டைச் சுற்றி வந்தார். குழாயின் முனைகளைத் தடவிப் பார்த்தார். ஒரு குழாய் மற்றொன்றின் உருட்சியிற் சென்று பொருந்துமாறு அதன் முனையை வளைவாகக் கொறிப்பதனை அவர்கள் 'மீன்வாய்' என்பர். அவ்வாய் இடைவெளியின்றிக் கவ்வியிருத்தல் கண்டு தலையசைத்தார். பின்னர்க் கூரையை ஒட்டிய மூட்டுக்களின் மேற்புறத்தே விரலைச் செலுத்த முயன்றார். விரல் செல்லவில்லை. கூடு கூரையை அத்துணை நெருங்கியிருந்தது.

"இங்கே எவ்வாறு பற்றவைப்பது?" என்றார் முதியவர்.

"முக்காற் சுற்று வைத்தாற் போதும், ஐயா. மேற்புறம் எவர் கண்ணுக்கும் தெரியாது, பரிசோதகர் கண்ணாடி செருகிப் பார்க்கவும் அங்கே இடமில்லை" என்றார் மைத்துனர்.

"தம்பி, நான் பரிசோதகருக்காகப் பற்றவைப்பதில்லை" என்பதே மறுமொழி.

செய்யத்தக்கது யாதென முதியவர் விளக்கினார். கால்கள் அனைத்தையும் அறுத்து விடுவித்து, கூடு முழுவதையும் தரைத் துளைகளின் வழியே அரையடி கீழே இறக்கினால் மூட்டின்மேல் இடம் கிடைக்கும்; முழுச் சுற்றும் பற்றவைத்துப் பின்னர் உயர்த்திக் கால்களை மீண்டும் பொருத்தலாம். காலைப் பற்றவைப்பது கடைசி வேலையாக இருந்திருத்தல் வேண்டும். இப்பொழுது அறுப்பின் புதிய தாங்கிகள் வேண்டும். இரண்டு மூன்று கிழமை கழியும். பந்தய நாள் தவறும். கட்டிய பணமும் மீளாது. மைத்துனர் முகம் வாடிற்று. ஓராண்டு உழைப்பும் நண்பர்கட்குக் கூறிய சொல்லும் அவர் நெஞ்சை அழுத்தின. "முக்காற் சுற்று, முழுச் சுற்றில் முக்கால் வலியேனும் தராதா?" என அவர் மீண்டும் கேட்டார். அக்கேள்வி எமக்கும் நியாயமாகவே தோன்றியது. அம்மான் ஒன்றும் சொல்லாது முதியவர் முகத்தையே நோக்கினார்.

முதியவர் வாதம் செய்தாரல்லர். எஞ்சிக் கிடந்த குழாய்த் துண்டுகளை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று செங்குத்தாக நிற்கும்படி இரண்டு மூட்டுக்கள் செய்தார். டங்ஸ்டன் முனையில் நீலச்சுடர் எழ, ஆர்கான் வாயு சூழ்ந்து காக்க, உருகிய எஃகு சிறு குளம்போல மின்னி அவர் கை சென்ற வழியே நகர்ந்தது. ஒன்றனை முழுச் சுற்றும், மற்றதனை முக்காற் சுற்றும் பற்றவைத்தார். ஆறியபின், முக்காற் சுற்றுடையதைப் பட்டறை வைசில் இறுக்கி, நிற்கும் குழாயின்மேல் நீண்டதொரு குழாயை மாட்டி, பற்றவையாத பக்கம் விரியுமாறு இழுக்குமாறு மைத்துனரிடம் கூறினார். மைத்துனர் இழுத்தார். மிகுதியும் முயலவேண்டியிருக்கவில்லை. பற்றவைப்பு முடிந்த ஓரத்திலே ஒரு வெடிப்பு முளைத்து, 'டப்'பென்னும் ஓசையுடன் இருபுறமும் ஓடி, மூட்டு வாய்பிளந்தது. பின்னர் முழுச் சுற்றுடையது. அதனை மைத்துனரும் யாமும் சேர்ந்து இழுத்தோம். குழாயே நசுங்கி வளைந்தது. மூட்டு வளைந்த குழாயை விடாது பற்றி நின்றது.

அப்பொழுதே எமக்கு விளங்கிற்று. விசை மூட்டின் சுற்றெல்லாம் தன்னைப் பங்கிட்டுக்கொண்டு நிற்பதன்று. எங்கே பற்று அறுகின்றதோ அங்கே குவிந்து, கிழிந்த துணியின் ஓரத்தைப் பற்றி இழுப்பதுபோல மேன்மேலும் கிழிப்பது. முக்காற் சுற்று முக்காற் காப்பன்று. நிலைமொழியும் வருமொழியும் தம்மளவிற் செவ்வியனவாயினும் புணருமிடத்துப் பிழை நேரின் தொடர் சிதையும் என எம் ஆசிரியர் வகுப்பிற் கூறுவர். குழாயும் நன்று, வளைவும் நன்று, அடிநிலையும் நன்று. புணர்ச்சி ஒன்று குறையின் அத்தனையும் வீண்.

மைத்துனர் உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சிறிதுபொழுது வாளா இருந்தார். பின்னர் எவரும் சொல்லாமலே கிரைண்டரை எடுத்துச்சென்று, தாம் பற்றவைத்த கால்களைத் தாமே அறுக்கத் தொடங்கினார். அன்றிரவு பந்தயத்தாருக்கு வரமுடியாமை தெரிவித்துக் கடிதம் எழுதியவரும் அவரே. அவ்வறுப்பின் ஓசையைக் கேட்டு அத்தையார் கொட்டகை வாயிலில் வந்து நின்றார். வேலை பின்னோக்கிச் செல்வதைக் கண்டும் அவர் முகத்தில் அமைதியே தோன்றியது.

கூடு இறங்கியது, மூட்டுக்கள் முழுச்சுற்றும் பற்றவைக்கப்பட்டன, கூடு ஏறியது. பற்றவைத்த வரம்புகள் மீன்செதிள் போல வரிவரியாய் நின்றன. அவற்றைத் தேய்த்து வழவழப்பாக்கினால் அழகாயிருக்குமே என யாம் கூறினோம். கூடாது என்றார் முதியவர். 1951-இல் தோன்றிய என்.எச்.ஆர்.ஏ. என்னும் பந்தயச் சங்கத்தாரும் தம் விதிகளில் பற்றவைப்பைத் தேய்ப்பதனைத் தடுத்திருக்கின்றனர். தேய்ப்பது எஃகைக் குறைக்கும். குறையிருப்பின் அதனை மறைக்கவும் செய்யும். காப்புக்குரிய பொருளில் அழகு செய்யப் புகுவார் பலகால் ஐயத்தையே உண்டாக்குவர்.

பின்னும் ஒன்று எஞ்சிற்று. கூடு முற்றியதும் அத்தையார் முதியவரைப் பார்த்து, "இஃது என் மகனைக் காக்குமா?" என்றார். "அவன் கட்டுண்டிருந்தாற் காக்கும், அம்மா" என்றார் அவர். கூடு தன்னுள்ளிருப்பானைத் தானே பற்றிக்கொள்வதன்று. அவனைச் சுற்றி நசுங்காத இடம் ஒன்றனை ஒதுக்கித் தருவது மட்டுமே அதன் தொழில். அவ்விடத்தினின்றும் அவன் வீசப்படாதிருத்தற்குத் தோளிரண்டும் இடுப்பும் தொடையிடையும் பிணிக்கும் வார்கள் வேண்டும். தோள்வார்கள் தோளின் உயரத்திலோ அதனிற் சிறிதே தாழ்ந்தோ பின்சென்று கூட்டின் குறுக்குக் குழாயைப் பற்றவேண்டும். கீழே தரையிற் கட்டின் மோதும்பொழுது அவையே முதுகெலும்பை நெருக்கும். தலைக்கவசமும் இன்றியமையாதது. 1956-ஆம் ஆண்டிற் பீட் ஸ்னெல் என்னும் பந்தய வீரர் தலைக்கவசம் காவாமையால் உயிரிழந்தார். அவர் நினைவாக மறுவாண்டில் நிறுவப்பட்ட ஸ்னெல் நிலையத்தாரே இன்றும் கவசங்களைச் சோதித்து முத்திரையிடுகின்றனர்.

இவ்விடத்து ஒரு வியப்பு உண்டு. அம்மான் மகளார், பள்ளிச் சிறுமி, "அப்பா, இவ்வண்டியிலேயே கடைவீதிக்குப் போவோம்" என்றாள். அம்மான் இசையவில்லை. கவசமில்லாத தலைக்கு ஒரு முழத் தொலைவில் எஃகுக் குழாய் நிற்பது அரணன்று, சம்மட்டி. வீதியிற் சிறு மோதல் நேரினும் தலை அதன்மேல் மோதும்; நுரையுறை சுற்றினும் அவ்விடர் முற்றும் தீராது. கட்டுண்டு கவசமணிந்தானைக் காக்கும் அதே கூடு, கட்டின்றி அமர்ந்தானைக் கொல்லவும் வல்லது. ஆகவே அவ்வண்டி பந்தயத்திற்கே உரியதாயிற்று. கடைவீதிக்கு வேறு கார் சென்றது. செய்யுளைப் பிணிப்பது பற்றி 'யாப்பு' எனப் பெயர் பெற்றதை யாம் கற்றிருக்கின்றோம். பிணிப்பே காப்பாதல் யாண்டும் உண்மையன்று. தக்க இடத்திற் பிணிப்புண்டோர்க்கே அது காப்பாவது என்பதனை அக்கொட்டகையில் அறிந்தோம்.

மாணவ நண்பர்களே, நாம் செய்வனவற்றுள் பல பிறர் காணுதற்பொருட்டே செய்யப்படுகின்றன. தேர்வாளர் காணும் பக்கத்தை நன்கெழுதி, அவர் காணாப் பக்கத்தை முக்காற் சுற்றில் விட்டுவிடல் எளிது. பெரும்பாலும் கேடும் உடனே நேர்வதில்லை. கேடு நேராமையே அப்பக்கம் செம்மையுடைத்து என்பதற்குச் சான்றாகாது. அம்முதியவர் தாம் கட்டிய கூடுகளுட் பெரும்பாலன ஒருநாளும் கவிழ்ந்ததில்லை எனக் கூறி மகிழ்ந்தார். பயன்படாதொழிக என்று வேண்டிக்கொண்டே, பயன்படும் நாளுக்கெனக் குறைவறச் செய்தல் அவர் தொழில். அத்தகைய தொழிலைச் செய்வார்க்குப் புகழும் இல்லை. ஏனெனில் அவர் வேலை நன்றென மெய்ப்படும் நாள் எவரும் விரும்பாத நாளாகும்.

யாம் விடைபெற்று மீளும் நாளில் கூரையின் உட்போர்வை தைக்கப்பட்டுவிட்டது. அம்மூட்டுக்களின் மேற்புறத்தை இனி எவரும் காணார். மைத்துனர் அடுத்த பந்தயத்திற்குப் பெயர் கொடுத்திருக்கின்றார். அப்பற்றவைப்பு என்றும் சோதிக்கப்படாதிருத்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுதல்.